அடிவயிற்று வலியும் பாலியல் தொற்றுப் பயமும்: எந்தப் பரிசோதனை எதைச் சொல்லும்?

வாசகி ஒருவர் பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டு நீண்ட கடிதம் எழுதியிருக்கிறார். ஆள் தெரியக்கூடிய விவரங்களை நீக்கிவிட்டுச் சுருக்கித் தருகிறேன்.

அவருக்கு வயது 32. திருமணமாகி ஆறு ஆண்டுகள். நான்கு வயதில் ஒரு மகள். கணவர் வேலைக்காக ஒன்றரை ஆண்டு வெளியூரில் இருந்துவிட்டு 14 மாதங்களுக்கு முன்பு வீடு திரும்பினார். அதற்கு மூன்று மாதம் கழித்து இவருக்கு அடிவயிற்றில் வலி தொடங்கியது. மந்தமாக இழுத்துப் பிடிக்கிற வலி. வலப்பக்கம் கொஞ்சம் கூடுதல். நீண்ட நேரம் உட்கார்ந்தால் அதிகமாகிறது. உடலுறவின்போது ஆழத்தில் குத்துகிறது. மாதவிடாய்க்கு நான்கைந்து நாள் இருக்கும்போதே மோசமாகிவிடுகிறது. அடிக்கடி சிறுநீர் கழிக்கத் தோன்றுகிறது. இரண்டு முறை ஸ்கேன் எடுத்தும் ‘நார்மல்’. சிறுநீர் கல்ச்சரில் கிருமி வளரவில்லை. எச்.ஐ.வி., வி.டி.ஆர்.எல்., பாப் ஸ்மியர் மூன்றிலும் பிரச்சினை இல்லை. இருந்தாலும் இதுவரை நான்கு முறை ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டிருக்கிறார். மூன்று முறை ‘யூரின் இன்ஃபெக்‌ஷன்’ என்று கொடுத்தது. கடைசியாகக் கொடுத்தது, கர்ப்பப்பை அழற்சியாக இருக்கலாம் என்று 14 நாள் கோர்ஸ். குமட்டல் தாங்காமல் ஏழாம் நாளே நிறுத்திவிட்டார். முதல் முறை மாத்திரை எடுத்தபோது பத்து நாள் வலி குறைந்தது. “அப்படியென்றால் கிருமி உள்ளேதானே இருக்கிறது?” என்று கேட்கிறார்.

கணவர் வெளியூரில் இருந்தபோது வேறு யாருடனாவது பழகியிருப்பாரோ என்ற சந்தேகம் அவரை அரிக்கிறது. கேட்க வாய் வரவில்லை. அதே சமயம், திருமணத்துக்கு முன்பு தனக்கு ஓர் உறவு இருந்ததையும், கணவருக்கு அது தெரியாது என்பதையும் எழுதியிருக்கிறார். “அதற்கான தண்டனைதானோ இது” என்று ராத்திரியெல்லாம் போனில் தேடிப் படிக்கிறார். ஐந்து மாதமாகக் கிருமிநாசினி கலந்த தண்ணீரால் உள்ளே கழுவிக்கொள்கிறார். இது பரிசோதனைகளில் தப்பிய பாலியல் தொற்றா, இன்னொரு கோர்ஸ் மாத்திரை கேட்டு வாங்கலாமா, இரண்டாவது குழந்தை பிறக்குமா, கணவரிடம் பழைய உறவைச் சொல்லிவிடுவதா: இவைதான் அவருடைய கேள்விகள்.

அன்புள்ள சகோதரி,

முதலில், அந்தக் கழுவலை இன்றே நிறுத்திவிடுங்கள். மற்றதையெல்லாம் நிதானமாகப் பேசலாம். பிறப்புறுப்பின் உட்பகுதியில் லாக்டோபேசில்லஸ் என்ற நல்ல பாக்டீரியாக்கள் இருக்கின்றன. அங்கே அமிலத்தன்மையைக் காத்து, கெட்ட கிருமிகளைத் தடுத்து வைப்பவை அவைதான். கிருமிநாசினி அவற்றையும் சேர்த்து அழித்துவிடும். உள்ளே கழுவும் பழக்கம் உள்ள பெண்களுக்குத் தொற்றுகள் கூடுதலாகக் காணப்படுகின்றன. வெளிப்பகுதியை வெறும் தண்ணீரால் கழுவினால் போதும்.

அடுத்து, உங்கள் கடிதத்தில் மூன்று கேள்விகள் ஒரே முடிச்சாகக் கிடக்கின்றன. இப்போது உடம்பில் தொற்று இருக்கிறதா என்பது ஒன்று. சில நாட்களில் விடை தெரிந்துவிடும். ஏன் வலிக்கிறது என்பது இரண்டாவது. இதற்குப் பொறுமை வேண்டும். கணவர் உண்மையாக இருந்தாரா என்பது மூன்றாவது. இந்த மூன்றாவது கேள்விக்கு உங்கள் வலியிலிருந்து பதில் எடுக்கப் பார்க்கிறீர்கள். ரிப்போர்ட் ஒவ்வொன்றும் நார்மல் என்று வந்தும் நிம்மதி கிடைக்காமல் போனதற்கு அதுதான் காரணம் என்று நினைக்கிறேன்.

உங்கள் பயம் அர்த்தமில்லாதது என்று நான் சொல்லப் போவதில்லை. தொற்று இருக்க வாய்ப்பு குறைவு என்பது என் கணிப்பு. ஆனால் அது இல்லை என்று உறுதிசெய்யும் பரிசோதனையை இதுவரை யாரும் உங்களுக்குச் செய்யவில்லை.

எடுத்த பரிசோதனைகள் எதைப் பார்த்தன?

நீங்கள் அனுப்பிய பட்டியலைப் பார்த்தால் எல்லாவற்றையும் அலசியாகிவிட்டது போலத் தோன்றும். உண்மையில் வி.டி.ஆர்.எல். சிபிலிஸ் நோய்க்கான பரிசோதனை. எச்.ஐ.வி. பரிசோதனை எச்.ஐ.வி.யை மட்டும் சொல்லும். இந்த இரண்டு நோய்களும் பொதுவாக மாதக்கணக்கில் அடிவயிற்று வலியை மட்டும் கொடுத்துக்கொண்டிருப்பவை அல்ல. பாப் ஸ்மியர் கர்ப்பப்பை வாயில் புற்றுநோய்க்கு முந்தைய மாற்றங்களைத் தேடுவது. அது பாலியல் தொற்றுப் பரிசோதனை கிடையாது. சிறுநீர் கல்ச்சரில் வழக்கமான சிறுநீர்த் தொற்றுக் கிருமிகள்தான் வளரும். கிளமிடியா அதில் வளராது, ஏனென்றால் அது உயிருள்ள செல்லுக்குள் மட்டுமே பெருகக்கூடியது. ஸ்கேன் கட்டி, நீர்க்கோர்வை, சீழ் போன்றவற்றைக் காட்டும். லேசான அழற்சியையோ, படலம் போலப் படர்ந்திருக்கும் எண்டோமெட்ரியோசிஸையோ (அது என்ன என்று பிறகு சொல்கிறேன்) பல நேரம் காட்டாது.

அடிவயிற்று வலியோடு அதிகம் தொடர்புள்ள பாலியல் தொற்றுகள் கிளமிடியாவும் கொனோரியாவும். இவை கர்ப்பப்பை வாயில் தொடங்கி, கர்ப்பப்பைக்கும் கருக்குழாய்க்கும் ஏறிச் சென்றால் வருவதுதான் இடுப்புறுப்பு அழற்சி, டாக்டர்கள் பி.ஐ.டி. என்பார்கள். உங்களுக்குச் செய்யாமல் விடப்பட்டது இவற்றைக் கண்டுபிடிக்கும் பரிசோதனைதான்.

இன்னொன்றும் என்னை வருத்தப்பட வைத்தது. நான்கு பேரிடம் காட்டியிருக்கிறீர்கள். ஒருவர்கூட விரலால் உள்பரிசோதனை செய்யவில்லை. பி.ஐ.டி. முதன்மையாகக் கையால் தொட்டுக் கண்டறிய வேண்டிய நோய். கர்ப்பப்பை வாயை விரலால் மெல்ல அசைக்கும்போது வலிக்கிறதா, கர்ப்பப்பையிலும் சினைப்பைப் பக்கத்திலும் அழுத்தினால் வலிக்கிறதா என்று பார்ப்பார்கள். அதைப் பார்க்காமல் ரிப்போர்ட்டை மட்டும் படித்து மாத்திரை எழுதுவது சரியில்லை. நானும் தொழிலுக்கு வந்த புதிதில், ஸ்கேன் நார்மல் என்றதும் “ஒன்றுமில்லைம்மா” என்று சொல்லி அனுப்பியிருக்கிறேன். அந்த ஒரு வார்த்தை எத்தனை பேரை இன்னொரு டாக்டரைத் தேடி அலைய வைத்திருக்கும் என்பது பிறகுதான் புரிந்தது.

கேட்டு வாங்க வேண்டிய பரிசோதனை

கிளமிடியா, கொனோரியா இரண்டுக்கும் ‘நாட்’ என்கிற மரபணுப் பரிசோதனை இருக்கிறது. பி.சி.ஆர். என்று சொன்னாலும் பெரும்பாலான லேபில் புரிந்துகொள்வார்கள். உறவின் மூலம் பரவும் இன்னொரு கிருமியான ட்ரைக்கோமோனாஸையும் சேர்த்துக் கேளுங்கள். வசதி இருந்தால் அதே வகையில் பரவும் மைக்கோபிளாஸ்மா ஜெனிட்டேலியம் என்ற கிருமியையும் பார்க்கலாம். பிறப்புறுப்பின் உள்ளே பஞ்சுக்குச்சியால் எடுக்கும் மாதிரி போதும். சொல்லிக்கொடுத்தால் நீங்களே எடுத்துக் கொடுக்கலாம், முடிவு அதே அளவு நம்பகமாக இருக்கும். கூச்சத்தினால்தான் இவ்வளவு நாள் தள்ளிப்போட்டேன் என்று எழுதியிருந்தீர்கள், அதனால் சொல்கிறேன்.

எப்போது எடுப்பது என்பது முக்கியம். கடைசி மாத்திரை முடிந்து மூன்று வாரம் ஆகிறது என்கிறீர்கள். மருந்து சாப்பிட்ட உடனே எடுத்தால் செத்த கிருமியின் மரபணுவைப் பிடித்து ‘பாசிட்டிவ்’ என்று தவறாகக் காட்டக்கூடும். மருந்தில் தற்காலிகமாக அடங்கியிருந்தால் தப்பிவிடவும் கூடும். ஆகவே மொத்தம் நான்கு வாரமாவது கழியட்டும். அதுவரை புதிதாக ஆன்டிபயாட்டிக் வேண்டாம். உள்பரிசோதனைக்கு மட்டும் காத்திருக்க வேண்டாம், இந்த வாரமே போங்கள். அதில் பி.ஐ.டி.க்கான அடையாளம் தெரிந்தால் டாக்டர் லேப் முடிவுக்குக் காத்திராமல் சிகிச்சையைத் தொடங்குவார். அதுதான் சரியான முறை. ஊசி ஒன்றும் 14 நாள் மாத்திரையும் கொடுப்பார்கள். குமட்டினால் நடுவில் நிறுத்தாமல் அவரிடம் சொல்லுங்கள். சாப்பாட்டுக்குப் பின் எடுப்பது, மாற்று மருந்து என்று வழி இருக்கிறது.

ரத்தத்தில் ‘கிளமிடியா ஆன்டிபாடி’ பார்க்கும் பரிசோதனையை யாராவது பரிந்துரைத்தால் தவிர்த்துவிடுங்கள். உடம்பு எப்போதோ அந்தக் கிருமியைச் சந்தித்த தடயத்தைத்தான் அது காட்டும். இப்போது இருக்கிறதா, எப்போது வந்தது என்று சொல்லாது. உங்களைப் போல ராத்திரி தூங்காமல் யோசிப்பவருக்கு அந்த ரிப்போர்ட் சித்திரவதையாகிவிடும்.

அடுத்த நான்கு வாரத்துக்கு ஒரு நோட்டில் எழுதிவாருங்கள்: வலி பத்துக்கு எத்தனை, மாதவிடாய் தேதி, மலம் கழிக்கும்போது எப்படி, சிறுநீர்ப்பை நிறையும்போது வலி கூடிக் கழித்ததும் குறைகிறதா, எவ்வளவு நேரம் உட்கார்ந்தீர்கள். இது ஸ்கேனுக்கு இணையான ஆவணம்.

“மாத்திரையில் குறைந்ததே?”

இந்தக் கேள்விக்குப் பதில் உங்கள் கடிதத்திலேயே இருக்கிறது. தேதிகளை ஒழுங்காகக் குறித்து அனுப்பியிருக்கிறீர்கள், நன்றி. முதல் கோர்ஸை ஆரம்பித்தது மாதவிடாய் முடிந்த மறுநாள். வலி திரும்பியது அதற்குப் பத்து நாள் கழித்து. உங்களுக்கு வலி எப்போதும் மாதவிடாய்க்குப் பிறகு தணிந்து, அடுத்ததற்கு முன் ஏறுகிறது என்று இன்னோர் இடத்தில் நீங்களே எழுதியிருக்கிறீர்கள். மாத்திரை சாப்பிடாமல் இருந்திருந்தாலும் அந்தப் பத்து நாள் நன்றாகவே போயிருக்கலாம். அடுத்த மூன்று கோர்ஸில் ஏன் குறையவில்லை என்பதற்கும் இது பொருந்துகிறது. ஏறி இறங்குவது நாள்பட்ட வலியின் இயல்பு. மோசமான நாளில்தான் நாம் டாக்டரிடம் போகிறோம், அதன் பிறகு இறங்குவதை மருந்தின் கணக்கில் எழுதிவிடுகிறோம்.

அதனால் காரணம் தெரியாமல் ஐந்தாவது கோர்ஸ் கேட்டு வாங்காதீர்கள். பரிசோதனை குழம்பும், வெள்ளைப்படுதலோடு அரிக்கும் பூஞ்சைத் தொற்று வரலாம், பிறகு அதையும் பாலியல் நோய் என்று நினைத்துப் பயப்படுவீர்கள்.

தொற்று இல்லை என்று வந்தால்

அப்போது வலி கற்பனை என்று ஆகிவிடாது. ஆறு மாதத்துக்கு மேல் நீடிக்கும் இடுப்புப் பகுதி வலிக்குப் பல ஊற்றுக்கண்கள் உண்டு. பலருக்கு ஒரே நேரத்தில் இரண்டு மூன்று சேர்ந்திருக்கும்.

உங்கள் விவரங்களைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது எண்டோமெட்ரியோசிஸ். கர்ப்பப்பையின் உட்சவ்வைப் போன்ற திசு வெளியே, சினைப்பையிலோ கர்ப்பப்பைக்குப் பின்னாலோ வளர்வது அது. மாதவிடாய்க்கு முன்பே ஏறும் வலி, உறவின்போது ஆழத்தில் குத்துவது இரண்டும் அதற்குப் பொருந்துகின்றன. குழந்தை பெறும் வயதில் உள்ள பெண்களில் சுமார் 10 சதவீதம் பேருக்கு இது இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. ஆனாலும் பெயர் சொல்லிக் கண்டுபிடிக்க ஆண்டுகள் ஆகிவிடுகின்றன, அதற்கு ஒரு காரணம் இதே ‘நார்மல்’ ஸ்கேன்தான். சந்தேகம் வலுவாக இருந்தால், வயிற்றில் சிறு துளையிட்டுக் கேமராவால் பார்க்கும் லேப்ராஸ்கோபி செய்யாமலேயே ஹார்மோன் சிகிச்சை தொடங்கிப் பார்க்கலாம். குழந்தை வேண்டும் என்ற திட்டத்தை டாக்டரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். அந்த ஹார்மோன்கள் கருத்தரிப்பைத் தள்ளிப்போடும்.

இரண்டாவது, இடுப்புத் தளத் தசைகள். இதைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதிகம் தவறவிடப்படுவது இதுதான். இடுப்பெலும்பின் அடியில் தொட்டில் போலச் சில தசைகள் சிறுநீர்ப்பை, கர்ப்பப்பை, மலக்குடல் மூன்றையும் தாங்கிக்கொண்டிருக்கின்றன. பயத்தில் தோள்பட்டை இறுகுவது போல இவையும் இறுகும். மாதக்கணக்கில் இறுகிக் கிடந்தால் அவையே வலிக்கும். உட்கார்ந்தால் கூடும், உறவில் வலிக்கும், சிறுநீர் அடிக்கடி வரும். உங்கள் கடிதத்தில் மூன்றும் இருக்கின்றன. ஒரு விரலால் அந்தத் தசையை மெல்ல அழுத்தி, “இதுதான் என் வலி” என்று நீங்கள் சொல்கிறீர்களா என்று பார்த்தால் தெரிந்துவிடும். இதற்கு மருந்து, தசையைத் தளர்த்தக் கற்றுக்கொடுக்கும் பிசியோதெரபி. இணையத்தில் படித்துவிட்டுக் கீகல் பயிற்சி செய்வதாக எழுதியிருக்கிறீர்கள். அது தளர்ந்த தசையை இறுக்கும் பயிற்சி. இறுகிய தசையை மேலும் இறுக்கினால் வலி கூடத்தான் செய்யும். டாக்டர் பார்க்கும்வரை அதை நிறுத்திவையுங்கள்.

சிறுநீர்ப்பை வலி நோய், எரிச்சலுள்ள குடல் ஆகியவற்றையும் உங்கள் நோட்டு காட்டிக்கொடுக்கும். அப்புறம், நீண்ட நாள் வலியில் நரம்பு மண்டலமே உணர்வு கூடிப்போய், சின்னத் தூண்டலையும் பெரிதாகக் காட்டத் தொடங்கும். தூக்கமின்மையும் அச்சமும் அதை இன்னும் கூட்டும். இதற்காக கேபாபென்டின் என்ற மருந்தை எழுதிக்கொடுக்கும் வழக்கம் இருந்தது. 2020ல் லான்செட் என்ற மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், காரணம் கண்டறியப்படாத இடுப்பு வலி உள்ள 306 பெண்களிடம் அதைச் சோதித்துப் பார்த்தார்கள். மருந்தில்லாத மாத்திரையைவிட அது அதிகப் பலன் தரவில்லை, தலைசுற்றல்தான் கூடுதல். எனவே யாராவது அதை எழுதினால், எதற்காக என்று கேளுங்கள்.

இரண்டாவது குழந்தை

ஒருமுறை தொற்று வந்தாலே கருக்குழாய் அடைத்துவிடும் என்று படித்ததாக எழுதியிருக்கிறீர்கள். அது உண்மையில்லை. ஸ்வீடனின் லுண்ட் நகரில் 1960 முதல் 1984 வரை, லேப்ராஸ்கோபி மூலம் பி.ஐ.டி. உறுதியான பெண்களைத் தொடர்ந்து கவனித்தார்கள். ஒருமுறை மட்டும் வந்தவர்களில் கருக்குழாய்ப் பாதிப்பால் குழந்தையின்மை ஏற்பட்டது 8 சதவீதம் பேருக்கு. இரண்டு முறை வந்தவர்களில் ஏறக்குறைய 20, மூன்று முறையும் அதற்கு மேலும் வந்தவர்களில் 40 சதவீதம். அதாவது ஒருமுறை வந்த பெரும்பாலானோருக்கு அந்தப் பாதிப்பு வரவில்லை. திரும்பத் திரும்ப வருவதுதான் ஆபத்து. உங்களுக்கு ஒருமுறை வந்ததே இன்னும் உறுதியாகவில்லை.

கணவரிடம் எப்படி, எவ்வளவு?

ரிப்போர்ட் பாசிட்டிவ் என்று வந்தால் அதன் பொருள் என்ன என்பதை இப்போதே தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கிளமிடியா பெரும்பாலான பெண்களுக்கும், நிறைய ஆண்களுக்கும் எந்த அறிகுறியும் காட்டாது. சிகிச்சை இல்லாமல் ஓராண்டுக்கு மேலும் உடம்பில் தங்கக்கூடும். எந்தத் தேதியில், யாரிடமிருந்து யாருக்கு வந்தது என்று பரிசோதனை சொல்லாது. ஆகவே அந்தத் தாளைக் கையில் வைத்துக்கொண்டு கணவரைக் குற்றவாளிக் கூண்டில் ஏற்ற முடியாது. நெகட்டிவ் என்று வந்தாலும் அது அவருக்கான நன்னடத்தைச் சான்று ஆகாது. சந்தேகம் தீர வேண்டுமென்றால் அதை ஒரு மனிதர் இன்னொரு மனிதரிடம் கேட்டுத்தான் தீர்க்க வேண்டும். அதை வலியின் விசாரணையோடு சேர்க்காமல், வேறொரு நாளுக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பது என் யோசனை.

இப்போதைக்கு அவரிடம் சொல்ல வேண்டியது குறைவுதான்: “எனக்குப் பதினோரு மாசமா வலி. உங்க மேல வெறுப்புல விலகிப் போகல, வலிக்குது. சரியாகுற வரைக்கும் கொஞ்சம் பொறுத்துக்குங்க.” உறவின்போது வலித்தால் வேண்டாம் என்று சொல்ல உங்களுக்கு உரிமை உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு சகித்தால் தசை இன்னும் இறுகப் பழகிவிடும், மருத்துவ ரீதியாகவும் அது கெடுதல்.

பாசிட்டிவ் என்றால் அவருக்கும் சொல்லியாக வேண்டும். அவருக்குச் சிகிச்சை இல்லாவிட்டால் உங்களுக்குத் திரும்ப வந்துவிடும். இருவரும் சிகிச்சை முடித்து, ஒற்றை வேளை மருந்தானால் எடுத்து ஏழு நாள் கழியும்வரை உறவு வேண்டாம். மூன்று மாதம் கழித்து மறுபரிசோதனை செய்துகொள்ளுங்கள். சொன்னால் அடி விழும், வீட்டைவிட்டு அனுப்பிவிடுவார் என்ற பயம் இருந்தால் தனியாகச் சொல்லாதீர்கள். டாக்டரிடம் முதலில் அந்தப் பயத்தைச் சொல்லுங்கள். கணவரை அழைத்து அவரே பேசுவதா, வேறு பாதுகாப்பான வழியா என்று சேர்ந்து முடிவு செய்யலாம்.

உங்கள் ரிப்போர்ட்டை உங்கள் சம்மதமின்றிக் கணவரிடமோ மாமியாரிடமோ டாக்டர் கொடுக்கக் கூடாது. தனியாகப் பேச வேண்டும் என்று கேட்கலாம், உள்பரிசோதனையின்போது பெண் செவிலியர் உடனிருக்க வேண்டும் என்று கேட்கலாம், வலித்தால் நிறுத்தச் சொல்லலாம்.

காத்திருக்கக் கூடாத நேரங்கள்

மாதவிடாய் தள்ளிப்போயிருக்கும்போது ஒரு பக்கம் கடுமையாக வலித்து மயக்கம் வந்தால், கரு கருக்குழாயில் தங்கியிருக்கலாம். வாந்தியோடு திடீரென்று தாங்க முடியாத வலி வந்தால் சினைப்பை முறுக்கிக்கொண்டிருக்கலாம். 101 டிகிரிக்கு மேல் காய்ச்சலோடு அடிவயிறு வலிப்பதும் அப்படியே. ராத்திரியானாலும் உடனே அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குப் போய்விடுங்கள்.

கடைசியாக, அந்தப் பழைய உறவு. அது ஏழு ஆண்டுகளுக்கு முந்தையது என்கிறீர்கள். அன்று ஒட்டிய கிருமி இவ்வளவு காலம் அமைதியாக இருந்து, நடுவில் ஒரு பிரசவத்தையும் கடந்து, இப்போது வலியாக வெளிவருவதற்கான வாய்ப்பு மிகமிகக் குறைவு. இந்த வலிக்காக அதைக் கணவரிடம் ஒப்புக்கொள்ள எந்த மருத்துவத் தேவையும் இல்லை. சொல்வதும் சொல்லாததும் உங்கள் விருப்பம். பயந்து போன ஒரு ராத்திரியில் அதை முடிவு செய்யாதீர்கள். டாக்டர் கேட்டால் அவரிடம் மட்டும் உள்ளதைச் சொல்லுங்கள். நோட்டின் முதல் பக்கத்தில் நான்கு கோர்ஸ் மருந்துகளின் பெயரையும், கடைசி மாத்திரை சாப்பிட்ட தேதியையும் எழுதி எடுத்துப் போங்கள். ரிப்போர்ட் வந்ததும் விருப்பமிருந்தால் எனக்கு எழுதுங்கள்.